மூடியில் எழுதாத எண்

அக்கா “கொஞ்சம்” என்று சொன்னால் நான் மனதுக்குள் பத்தால் பெருக்கிக்கொள்வேன். அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. இன்றைக்கும் யாராவது போனில் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிடுகிறேன். பாவம், சொல்கிறவருக்கு வெறும் ஜலதோஷமாகத்தான் இருக்கும்.

நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவை ஒட்டி, மருந்துக் கம்பெனிகளுக்குச் சோதனை செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆய்வகத்தில் நாங்கள் இருந்தோம். அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்தக் கட்டடத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறார்கள். அக்கா டெக்சாஸ் பக்கம் வேலை கிடைத்துப் போனார். அங்கேயும் கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறார் என்று கேள்வி.

அவர் திருச்சிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அமெரிக்க ஆபீஸில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், ஆனால் விருதுநகரில் வளர்ந்த எனக்கு அவரிடம் அது வாயில் வரவில்லை. அக்கா என்றே கூப்பிட்டேன். எங்கள் மேலாளர் அதுதான் அவர் பெயரின் சுருக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவரும் கூட்டங்களில் அக்கா, அக்கா என்று அழைக்க ஆரம்பித்தார். அறுபது வயது வெள்ளைக்காரர் அப்படிக் கூப்பிடும்போது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படுவோம்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்காவைப் புரியாது. ஒரு மருந்துத் திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு சாயத்தைச் சேர்த்துச் சூடு காட்டினால், புரதம் இருக்கிற அளவுக்கு ஊதாவாக மாறும். குறைவாக இருந்தால் கத்தரிப்பூ நிறம், கூடுதலாக இருந்தால் கத்தரிக்காய் நிறம். அளவு தெரிந்த புரதத்தைப் படிப்படியாக நீர்க்க வைத்து ஒரு வரிசைக் குழாய்கள் தயாரித்து வைத்துக்கொள்வோம். தெரியாததை அந்த வரிசையோடு ஒப்பிட்டு அளப்பது வழக்கம். ஆனால் சாம்பிளில் புரதம் மிகவும் அதிகமாக இருந்தால் எல்லாமே ஒரே கரும் ஊதாவாகிவிடும். அதிகமா, அதைவிட அதிகமா என்று நிறத்தை அளக்கும் கருவிக்குச் சொல்லத் தெரியாது. அதனால் சாம்பிளைப் பத்து மடங்கோ இருபது மடங்கோ நீர்க்க வைத்து, கருவி தாங்குகிற அளவுக்கு இறக்கி அளப்போம். வருகிற எண்ணை அதே மடங்கால் திரும்பப் பெருக்கினால் உண்மையான அளவு கிடைக்கும். பெருக்க மறந்தால் போச்சு, மொத்த வேலையும் பாழ்.

திரவத்தை உறிஞ்சி அளந்து விடும் பிப்பெட்டை அக்கா பிடிப்பதை நின்று பார்க்கலாம். பிப்பெட்டின் முனை குழாயின் சுவரில் பட்டும் படாமல் நிற்கும், ஒரு குமிழி வராது. ஆனால் அதற்கு முன்பே, கரைசலைத் தொடுவதற்கு முன்பே, ஒவ்வொரு குழாயின் மூடியிலும் எத்தனை மடங்கு என்பதைக் கறுப்பு மார்க்கரால் எழுதிவிடுவார். அதில் மட்டும் அவரிடம் ஈவு இரக்கம் கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நீர்க்க வைத்த குழாய்களை மூடியில் எழுதாமல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அத்தனையும் குப்பைத் தொட்டியில் கிடந்தன. எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவன் சாதித்தான். அக்கா சிரித்த முகத்தோடு புதுக் குழாய்களை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எழுதாத ட்யூப்ல என்ன இருக்குன்னு சாமிக்குக்கூடத் தெரியாதுடி” என்றார்.

இப்பேர்ப்பட்ட மனுஷிதான் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்ததும் எதன் மேலும் எதையும் எழுத மாட்டார். எந்தச் செய்தியையும் முழு வீரியத்தோடு யாரிடமும் கொடுத்ததில்லை. எதிரே இருப்பவரைப் பார்ப்பார், இவர் எவ்வளவு தாங்குவார் என்று மதிப்புப் போடுவார், அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். எத்தனை மடங்கு ஊற்றினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய சாம்பாரும் அப்படித்தான், அதை வைத்து நாங்கள் ஓட்டாத ஓட்டு இல்லை. நாலு பேருக்கு வைத்த சாம்பார், வீட்டுக்கு எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேருக்கும் போதும். பன்னிரண்டு பேர் வந்தாலும் போதும். பருப்பைத் தேட வேண்டியிருக்கும், ஆனால் யாரும் பசியோடு போக மாட்டார்கள். ஒருமுறை நான் கரண்டியை வைத்துக்கொண்டு, இதற்கு மடங்கு என்னக்கா என்று கேட்டேன். அவர் கணவர் புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார்.

ஆட்குறைப்பு வரப்போவதை முதலில் மோப்பம் பிடித்தவரும் அக்காதான். இந்த வருஷம் கொஞ்சம் டைட்டா இருக்கும் போலிருக்கு, கார் வாங்குறதத் தள்ளிப் போடு என்றார் என்னிடம். நானும் ஏதோ போனஸ் வராது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் எங்கள் மாடியில் பாதி நாற்காலிகள் காலி. அன்றைக்குத்தான் பெருக்க ஆரம்பித்தேன்.

ஆனால் உண்மையான மடங்கு எவ்வளவு என்பதை அவர் அப்பா விஷயத்தில்தான் கண்டேன். ஒரு காலை வழக்கம்போல வந்தார். குழாய் வரிசையைத் தயாரித்தார், எண்கள் எழுதினார், சாம்பிள் தட்டைக் கருவிக்குள் வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலடி என்றார். போன் பண்ணினீங்களா என்று கேட்டேன், பண்ணியாச்சு என்றார். நானும் பத்தால் பெருக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்து மளிகைக் கடையில் ஒரு திருச்சி ஆண்ட்டி சொல்லித்தான் தெரிந்தது. அவர் அப்பா அன்றைக்கே போய்விட்டார். அக்கா ஆய்வக வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, போன் வீடியோவில் இறுதிச் சடங்கைக் கடைசி வரை பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார்.

நான் பட்டென்று பேசுகிறவள். அடுத்த நாள் அவரைப் பிடித்து உலுக்காத குறையாக, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்னச் சமாதானப்படுத்தணும். அன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பில்லடி.”

அவர் திருச்சிக்குப் போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இந்தியாவுக்குப் போனால் அங்கே தூதரகத்தில் புது முத்திரை வாங்கினால்தான் திரும்ப முடியும். இரண்டு வாரம் என்று போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொலைத்தவர்கள் பக்கத்து அபார்ட்மெண்டிலேயே இருந்தார்கள். வேலை போனால் கிரீன் கார்டு மனுவும் போகும். அந்த மனுவில்தான் பாப்பா இருந்தாள்.

பாப்பா அவருடைய ஒரே மகள். மூன்று வயதில் இங்கே வந்தவள். அக்கா தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அம்மாவின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் இருந்தாள். அவளுக்கு இருபத்தொரு வயது முடிவதற்குள் அம்மாவுக்குக் கார்டு வந்தால் அவளுக்கும் கிடைக்கும். வராவிட்டால் அந்தப் பிறந்தநாளோடு அவள் விசா தீர்ந்துவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை நகர்வதே இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் பாப்பா பத்தாவது படிக்கும்போதும், கல்லூரியில் சேர்ந்தபோதும், இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஓகே மா என்பாள். அவள் நம்பினாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இருபத்தொன்றாவது பிறந்தநாளை அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் கொண்டாடினார்கள். மாணவி விசாவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு மனு அதற்கு முன்பே போயிருந்தது. அன்றைக்கு வரை பதில் இல்லை. எல்லோரும் பாட்டுப் பாட, பாப்பா மெழுகுவர்த்தியை ஊதாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊது, மெழுகு கேக்கில் வடிகிறது என்று அக்கா அவசரப்படுத்தினார்.

சில வாரத்தில் பதில் வந்தது. முடியாது என்று. படிப்பு முடிந்ததும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவாள் என்பதற்குப் போதிய அத்தாட்சி இல்லையாம். அவளுக்கு வேறு ஊர் எது? அவள் விழுந்து எழுந்து சைக்கிள் பழகிய இடம் அந்த அபார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடம். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா கோபப்படவில்லை. “சென்னைக்குப் போய் ஸ்டாம்ப் பண்ணிட்டு வந்துடுவா. கொஞ்ச நாள்தான்” என்றார். நான் பெருக்கினேன். நான் போட்ட மடங்கும் பற்றவில்லை.

சென்னையில் முதல் நேர்காணலில் விசா மறுத்துவிட்டார்கள். அம்மா அப்பா அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு நிற்கிறார்கள், இவள் போனால் எப்படித் திரும்பி வருவாள் என்று அவர்கள் பக்கத்து நியாயம். இரண்டாவது முறையும் அதேதான். வேளச்சேரியில் ஒரு மகளிர் விடுதியில் பாப்பா தங்கினாள். அக்கா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவளோடு பேசிவிட்டு வருவார். கேட்டால், நல்லா இருக்கா, வெயில்தான் கொஞ்சம் ஒத்துக்கல என்பார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், நீங்களும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுங்களேன் அக்கா, யாருக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த பிப்பெட்டைத் தாங்கியில் மாட்டினார். வேலையின் நடுவில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“எனக்கு கார்டு வந்தாத்தான்டி நாளைக்கு அவளுக்குன்னு நான் அப்ளை பண்ண முடியும். அதுவும் ஒரு க்யூதான், எத்தனை வருஷமோ. ஆனா அவ திரும்பி வர வேற வழியே இல்ல. அவளப் பாக்கணும்னா நான் க்யூவ விடணும். அவளக் கொண்டுவரணும்னா க்யூல நிக்கணும். நீ என்ன பண்ணுவ, சொல்லு.”

இதை மட்டும்தான் அவர் தண்ணீர் ஊற்றாமல் என்னிடம் சொன்னார். அன்றைக்கு நானும்தான் அந்தக் கருவி மாதிரி ஆகிப்போனேன், ஒரு எண்ணும் காட்டத் தெரியவில்லை.

அந்த வருஷக் கோடையில் சித்தி மகன் கல்யாணத்துக்காக நான் சென்னைக்குப் போனேன். என் கணவர் அமெரிக்கக் குடியுரிமைக்காரர் என்பதால் எனக்குப் போகவும் வரவும் தடையில்லை. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா ஒரு பை கொடுத்தனுப்பினார். வேர்க்கடலை வெண்ணெய், பாப்பா வழக்கமாகப் போடும் ஷாம்பு, அவள் படித்த கல்லூரியின் பெயர் போட்ட தடித்த கம்பளிச் சட்டை. சென்னை வெயிலுக்கு இது எதுக்குக்கா என்றதற்கு, அவ கேட்டா என்றார். பாப்பாவுக்கு மூன்றாவது நேர்காணல் அடுத்த மாதம் இருந்தது. இந்தத் தடவை வந்துடும், பேப்பர்லாம் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு என்றும் சொன்னார்.

விடுதிக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் பாப்பாவைப் பார்த்தேன். அவளை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முடி கொட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். ஒரு கால் சென்டரில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை, அவள் உச்சரிப்பைக் கேட்டு உடனே எடுத்துக்கொண்டார்களாம். குளிர்காலத்தில் ஒருநாள் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்தே ஒரு பெண் பேசியிருக்கிறாள், அங்கே பனி கொட்டுகிறது என்று. எனக்கு அந்தத் தெரு தெரியும் என்று இவள் சொல்ல முடியாது, சொல்லக் கூடாது. பேசி முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். லீவு நாட்களில் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அவள் பேசுவதை அவளுக்கு எதிரிலேயே பேசிக் காட்டுகிறார்கள் விடுதிப் பெண்கள்.

மூன்றாவது நேர்காணலுக்குத் தயாராகிவிட்டாயா என்று கேட்டேன். அவள் ஜூஸ் குழலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“இட்ஸ் டன், ஆண்ட்டி. டேட் முன்னாடியே கிடைச்சுது, போன மாசமே போயிட்டேன். தே செட் நோ. ஐம் நாட் கோயிங் அகெய்ன். அம்மாக்குத் தெரியாது.”

அம்மாவிடம் சொல்லாமல் எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். சின்ன வயசிலிருந்தே அம்மா சொல்வதையெல்லாம் இவளும் பெருக்கித்தான் கேட்டிருக்கிறாள். கார்டு வராது என்பது அவளுக்குப் பத்தாவது படிக்கும்போதே தெரியும். ஓகே மா என்று சொன்னதெல்லாம் அம்மா தாங்க மாட்டார் என்றுதான். நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் லேட் ஆகும் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் ஆண்ட்டி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பளிச் சட்டையை அங்கேயே எடுத்து, அந்தப் புழுக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வருகிற விமானத்தில் எனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. நெஞ்சில் இருப்பதை மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமே கிடையாது. முழுதாகச் சொல்லிவிடுவது என்றும், சொல்லவே கூடாது என்றும் மாறி மாறி முடிவெடுத்துக்கொண்டே நெவார்க்கில் இறங்கினேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போனேன். அக்கா குழாய்களை அடுக்கி வைத்து மூடிகளில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தவில்லை. எப்படி இருக்கா என்று மட்டும் கேட்டார்.

“நல்லா இருக்காக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா. விசாதான் கொஞ்சம் லேட் ஆகும் போலிருக்கு.”

மார்க்கர் நின்றது. அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, எடுத்துவிட்டேன்.

“நீ இப்படிப் பேச மாட்டியே” என்றார். “எத்தனை மடங்குன்னு மட்டும் சொல்லுடி.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன், அப்புறம் அவர்தான் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அக்கா காத்திருந்தார். பிறகு, கணக்கு முடிந்துவிட்டது போலத் தலையை மெல்ல ஆட்டினார். கையில் இருந்த குழாயின் மூடியில் எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டு, அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

“சரி. அம்மா நம்பிட்டான்னு அவகிட்டச் சொல்லிடு. பாவம், அவளாவது நிம்மதியா இருக்கட்டும்.”

அவ்வளவுதான். அடுத்த குழாயை எடுத்துக்கொண்டார். அன்றைய அளவீடுகளில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் காலையும் வேலைக்குக் கிளம்புமுன் மகளோடு பேசிவிட்டுத்தான் வந்தார். மூன்றாவது நேர்காணலுக்கு என்ன சட்டை போட வேண்டும் என்று அவளுக்கு யோசனை சொன்னதாகச் சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலமே காரில் உட்கார்ந்து நான் பாப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அம்மா நல்லா இருக்காங்க, நான் சொன்னத நம்பிட்டாங்க, கொஞ்சம் களைப்பா இருக்காங்க, அவ்வளவுதான் என்று எழுதினேன். அவள் உடனே படித்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, ஓகே ஆண்ட்டி என்று பதில் வந்தது.